'பரம்பரை' என்னும் விடை: இருதய நோய் பற்றிய தமிழ் வழக்கு குறித்து ஓர் ஆய்வு

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில், இழவு வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர்; முதல்நாள் மாலைவரை செம்பனைக் குலை அறுத்தவர்; விடியற்காலையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பந்தலின்கீழ் அமர்ந்திருக்கும் முதியவர், "அவர் அப்பாவும் இப்படித்தான் போனார், பரம்பரை" என்கிறார். கேட்டவர்கள் தலையசைக்கின்றனர். பேச்சு அவ்வளவில் முடிந்துவிடுகிறது. இறந்தவருடைய மகன் இருவரும் மகள் ஒருத்தியும் அப்பந்தலிலேயே நிற்கின்றனர். அந்தச் சொல் அவர்களைப்பற்றி என்ன கூறுகிறது என்று கேட்பார் ஒருவரும் இலர்.

இழவு வீட்டுப் பேச்சைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது முறையா எனச் சிலர் வினவக்கூடும். துயரத்தில் உள்ளவர் ஆறுதலுக்காகச் சொல்லும் சொல்லில் குற்றம் காண்பது அன்று இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அதே சொல் மேடைப் பேச்சிலும், உடல்நலக் கட்டுரைகளிலும், பள்ளிகளில் நடைபெறும் நலவாழ்வுச் சொற்பொழிவுகளிலும் சற்றே உடை மாற்றிக்கொண்டு வருகிறது. "இந்தியர்களின் மரபணுவிலேயே மாரடைப்பு இருக்கிறது" என்று படித்தவர்களும் கூறுகின்றனர். முதியவர் கூறியது ஆறுதல். படித்தவர் கூறுவது அறிவியல் என்னும் பெயரால் வருவது. ஆகவே அதனை உரைத்துப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும்.

'மரபு' என்னும் சொல்லின் வரலாற்றைத் தமிழாசிரியர் அறிவர். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் மரபியலோடு நிறைவு பெறுகிறது. விலங்கின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றையும், ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான உயிர்ப் பாகுபாட்டையும் அவ்வியல் கூறுகிறது. அங்கு மரபு என்பது வழிவழியாக வழங்கிவரும் வழக்கு, மீறலாகாத ஒழுங்கு. 'ஜீன்' என்னும் சொல்லை டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான்சன் 1909இல் உருவாக்கினார். பின்னர் அதற்குத் தமிழில் 'மரபணு' என்று பெயரிட்டபோது, அணுவோடு பழைய மரபின் நிறமும் சேர்ந்து வந்துவிட்டது. மரபு மாறாது, மரபை மீறலாகாது, ஆதலின் மரபணுவும் அப்படியே என்று மனம் தானே முடிவு கட்டுகிறது. ஊழ் என்னும் அதிகாரத்தைப் படித்த மனத்துக்கு இது புதிய ஊழாகத் தோன்றுவதில் வியப்பில்லை. (அதே நூலில் ஆள்வினையுடைமை என்றும் ஓர் அதிகாரம் இருப்பதை ஏனோ பலர் மறந்துவிடுகின்றனர்.) சொல்லை மாற்ற வேண்டும் என்பதன்று கருத்து. மரபணு நல்ல சொல், நிலைத்தும் விட்டது. அதன் நிழலைப் பொருள் என்று மயங்காமல் இருந்தால் போதும்.

இனி, இந்தியர்க்கு இருதய நோய் மிகுதி என்னும் செய்தி எங்கிருந்து வந்தது என்பதைக் காண்போம். அது வெளிநாட்டாரின் கண்டுபிடிப்பாக அன்றி, இப்பகுதியிலேயே முதலில் எழுந்த செய்தி என்பது பலருக்கும் தெரியாது. 1959இல் டாக்டர் டி. ஜே. தனராஜ் என்பவரும் அவருடன் உழைத்தவர்களும், சிங்கப்பூரில் நடந்த பிணப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து அமெரிக்க இருதய இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்தியரிடையே இருதய இரத்தக்குழாய் நோய் சீனரைக் காட்டிலும் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி என்று அது காட்டிற்று. டாக்டர் தனராஜ் பின்னர்க் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவராக விளங்கியவர். உலகெங்கும் இன்றும் இத்துறையில் எழுதுவோர் அக்கட்டுரையைச் சுட்டியே தொடங்குகின்றனர்.

அக்கட்டுரையின் பெருமையை ஏற்பது வேறு; அது கூறாததை அதன்மேல் ஏற்றுவது வேறு. பிணப் பரிசோதனைக்கு வருவோர் ஊர் மக்களின் சரியான மாதிரியாக அமையார். திடீரென இறந்தோர், மருத்துவமனையில் இறந்தோர் ஆகியோரே மிகுதியாக வருவர். ஆயினும் வேறு நாடுகளில் பின்னர்ச் செய்த ஆய்வுகளும் இந்தியரின் மிகைப்பாட்டை உறுதிசெய்தமையால், செய்தி மெய் என்றே கொள்ளலாம். ஆனால் அச்செய்தி 'மிகுதி' என்று மட்டுமே கூறிற்று. 'ஏன்' என்பதற்கு அது விடையன்று. ஓர் இனத்தார்க்கு ஒரு நோய் மிகுதி என்றால் அது இரத்தத்தில் உள்ளது என்று முடிவு செய்வது, ஓர் ஊரார்க்கு மலேரியா மிகுதி என்றால் அவ்வூரார் இரத்தமே மலேரியா என்று கூறுவதை ஒக்கும். தோட்டங்களின் பழைய நிலை இதற்குத் தக்க சான்று. கங்காணி முறையில் ஆள் வந்த காலத்தில் தோட்ட மக்களை அச்சுறுத்தியவை மலேரியாவும் வயிற்றுப்போக்கும் கொக்கிப்புழுவும். அவர்களின் கொள்ளுப்பேரர்களை இன்று அச்சுறுத்துவன நீரிழிவும் மாரடைப்பும். நான்கு தலைமுறையில் மரபணு அந்த அளவுக்கு மாறிவிடாது. மாறியவை வேறு.

இவ்விடத்தில் ஒரு நல்ல ஆய்வை எடுத்துரைத்தல் பொருந்தும். அது தமிழரைப்பற்றியதன்று, பஞ்சாபியரைப்பற்றியது. ஆயினும் அதன் அமைப்பு மிக அழகியது. 1995இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் அது வெளிவந்தது. மேற்கு இலண்டனில் குடியேறிய பஞ்சாபியரையும், பஞ்சாபிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறந்தாரையும் ஆய்வாளர் ஒப்பிட்டனர். தாயும் தந்தையும் ஒருவரே. கடல் கடந்தவர் ஒருவர், கடவாதவர் ஒருவர். இதைவிடத் தெளிவாக மரபையும் வாழ்க்கையையும் பிரித்துக் காட்ட வேறு வழியில்லை. இலண்டனில் இருந்தவர்க்கு உடல் எடையும், இரத்த அழுத்தமும், கொலஸ்டிராலும், இரத்தச் சர்க்கரையும் உயர்ந்திருந்தன. ஒன்றுமட்டும் இரு சாராரிடத்தும் ஒரே அளவில், ஆனால் வெள்ளையரைக் காட்டிலும் உயர்ந்து காணப்பட்டது. 'லிப்போபுரோட்டீன் ஏ' என்பது அதன் பெயர். கடல் கடந்தும் மாறாதது அது ஒன்றே.

அதுபற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. ஆதலின் சற்று விரிவாகக் கூறுவது நன்று. கொலஸ்டிரால் எண்ணெய்த் தன்மையது. தானாக இரத்தத்தில் கரையாது. புரதத்தாலான சிறு பொதிகளில் ஏற்றப்பட்டே அது உடலெங்கும் செல்கிறது. 'எல்டிஎல்' என்பது அத்தகைய பொதிகளுள் ஒன்று. அப்பொதியின்மேல் வால்போல் மற்றொரு புரதம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே லிப்போபுரோட்டீன் ஏ. நார்வே நாட்டு அறிஞர் கோரெ பெர்க் 1963இல் இதனைக் கண்டறிந்தார். அவ்வாலின் நீளத்தை ஆறாம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு முடிவு செய்கிறது. அம்மரபணுவில் ஒரு துண்டு மீண்டும் மீண்டும் அடுக்கப்பட்டிருக்கும். அடுக்கு குறைந்தவர்க்குப் பொதிகள் பெரும்பாலும் மிகுதி. அடுக்கு மிகுந்தவர்க்குக் குறைவு. குழந்தைப் பருவத்திலேயே அதன் அளவு நிலைபெற்றுவிடுகிறது. பத்தியத்தாலோ ஓட்டத்தாலோ அது பெரிதும் குறைவதில்லை. பிரிட்டனில் பல இலட்சம் பேரிடம் எடுத்த கணக்கில் நடு அளவு வெள்ளையர்க்கு 19, தெற்காசியர்க்கு 31, சீனர்க்கு 16 நானோமோல் என்று வந்தது. கறுப்பினத்தார்க்கு 75.

இந்த இறுதி எண்ணைக் கவனிக்க வேண்டும். இனமே காரணம் என்று கூறுவோர் 31ஐயும் 16ஐயும் மட்டும் எடுத்துக்காட்டி, 75ஐ விட்டுவிடுகின்றனர். மேலும் நடு அளவு என்பது நடுவே நிற்பவரின் அளவு. அவருக்கு இருபுறமும் பாதிப் பாதிப்பேர் உள்ளனர். 31 என்பது ஆபத்தான அளவும் அன்று. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் இருவருள் ஒருவர்க்கு 10 இருக்கலாம். மற்றவர்க்கு 200 இருக்கலாம். ஆபத்து இரண்டாமவர்க்கு. 'இந்தியர் மரபணு' என்னும் சொல் இருவரையும் ஒரே சாக்கில் கட்டுகிறது. முன்னவர்க்கு வீண் அச்சத்தையும், பின்னவர்க்கு வீண் சமாதானத்தையும் தருகிறது. 'எல்லார்க்கும் உள்ளதுதானே' என்று அவர் இருந்துவிடுவார்.

மரபால் வரும் மற்றொரு கேடு, குடும்பவழிக் கொலஸ்டிரால் மிகைப்பாடு. கல்லீரல் உயிரணுக்களின் மேற்பரப்பில் எல்டிஎல் பொதிகளைப் பற்றி உள்ளிழுக்கும் கொக்கிகள் போன்ற ஏற்பிகள் உள்ளன. அமெரிக்க அறிஞர்களான கோல்டுஸ்டீனும் பிரவுனும் 1970களில் இதனைக் கண்டு, 1985இல் நோபல் பரிசு பெற்றனர். ஏற்பியை உருவாக்கும் மரபணுவின் இரு படிகளுள் ஒன்று பழுதானால் ஏற்பிகள் பாதியாகக் குறையும். கொலஸ்டிரால் பிறவியிலிருந்தே ஏறி நிற்கும். நடுவயதுக்குள் மாரடைப்பு வரும். இது மிக அரிய நோய் என்று முன்னர்க் கருதினர். உலக அளவில் ஏறத்தாழ 250 அல்லது 300 பேருக்கு ஒருவர் என்பது இன்றைய கணக்கு. மலேசியாவில் மருத்துவக் குறிகளைக்கொண்டு செய்த ஆய்வு ஒன்று, நூற்றுவர்க்கு ஒருவர் அளவில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. மரபணுச் சோதனையால் முடிவு செய்த கணக்கு அன்று அது. எனினும் சிறு எண்ணன்று.

இதனைப் பெற்றோரிடமிருந்து பிள்ளை பெறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. பந்தலில் நின்ற மூவரையும் இங்கு மீண்டும் நினைக்க வேண்டும். இறந்தவர்க்கு இக்குறை இருந்திருந்தால், மூவருக்கும் தனித்தனியே திருவுளச்சீட்டு போடப்பட்டிருக்கிறது. ஒருவர்க்கும் விழாமலிருக்கலாம், மூவருக்கும் விழுந்திருக்கலாம். சீட்டு ஏற்கெனவே விழுந்துவிட்டது; பிரித்துப் பார்க்கவில்லை என்பதுதான் செய்தி. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கம் தோட்டங்களில் முன்னளவு இல்லையாயினும் முற்றும் ஒழியவில்லை. அத்தகைய மணத்தில் இருவரும் ஒரே பாட்டனிடமிருந்து ஒரே பழுதைப் பெற்றிருந்தால், நான்கு பிள்ளைகளுள் ஒன்றுக்கு இரு படிகளும் பழுதாகும் வாய்ப்பு உண்டு. அப்பிள்ளைக்கு முழங்கையிலும் முழங்காலிலும் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். இருபது வயதுக்கு முன்பே மாரடைப்பு வரக்கூடும். வகுப்பறையில் ஒரு பிள்ளையின் முட்டியில் இவ்வாறு கண்டால், தோல்நோய் என்று களிம்பு தடவச் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்பும் ஆசிரியர் ஓர் உயிரைக் காக்கலாம்.

இங்கே 'பரம்பரை' என்னும் சொல்லின் முரண்பாடு புலனாகும். எங்கு அச்சொல் முழுமையாகப் பொருந்துகிறதோ, அங்குத்தான் மருந்தும் மிகத் திறம்படச் செயலாற்றுகிறது. ஸ்டாட்டின் வகை மருந்துகள் கல்லீரலை மேலும் ஏற்பிகளை உருவாக்கத் தூண்டுகின்றன. ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பூஞ்சணத்திலிருந்து 1970களில் இவ்வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். இன்று அரசாங்க மருத்துவ நிலையங்களிலேயே இவ்வகை மருந்து கிடைக்கிறது. பழுதான படி ஒன்று இருப்பினும் நலமான படி ஒன்று இருக்கிறதன்றோ? அதனை இருமடங்கு உழைக்கச் செய்வதே மருந்தின் வேலை. 'பரம்பரை, ஒன்றும் செய்வதற்கில்லை' என்னும் முடிவு ஈண்டு நேர்மாறான பொய்.

'கொழுப்பு' என்னும் சொல்லையும் ஒரு கை பார்க்க வேண்டும். தமிழில் கொழுப்பு என்பது நெய்ப்பொருள்; திமிரும் கொழுப்பே. "அவனுக்குக் கொழுப்பு" என்றால் பொருள் எல்லார்க்கும் தெரியும். கொலஸ்டிராலுக்கும் கொழுப்பு என்றே பெயர் வைத்ததனால், அது மிகுந்தவர் வாயைக் கட்டாதவர், தின்று கெட்டவர் என்னும் பழிச்சொல்லும் உடன் ஒட்டிக்கொண்டது. ஒல்லியான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர்க்குக் கொலஸ்டிரால் மிகுதி என்றால் அவரே நம்புவதில்லை. "என் உடம்பில் ஏது கொழுப்பு?" என்று கேட்டுவிட்டு வீடு திரும்புகிறார். உடலின் கொலஸ்டிராலில் பெரும்பகுதியைக் கல்லீரல் தானே செய்துகொள்கிறது. அதனை இரத்தத்திலிருந்து அகற்றும் வேகமோ பெரும்பாலும் மரபணுவைப் பொறுத்தது. ஒல்லி பருமன் என்பது இதற்குச் சரியான அளவுகோலன்று. கொலஸ்டிரால் என்றே எழுதிவிடுவது நன்று. பிறமொழிச் சொல் என்று நாணவேண்டுவதில்லை.

'நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு' என்னும் பாகுபாடு இன்னும் மோசமானது. எச்டிஎல் நல்லது, எல்டிஎல் கெட்டது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. எல்டிஎல் பற்றிய பாதி மெய் என்பதற்கு மரபணுவே சான்று. கல்லீரல் ஏற்பிகளை அழிக்கும் 'பிசிஎஸ்கே9' என்னும் புரதம் பிறவியிலேயே செயலற்றுப் போனவர்களை அமெரிக்காவின் டாலஸ் நகரத்து ஆய்வாளர் கண்டனர். கறுப்பினத்தாருள் நூற்றுக்கு இரண்டு அல்லது மூவர் அத்தகையோர். அவர்களுக்கு எல்டிஎல் 28 விழுக்காடு குறைவு. இருதய நோயோ 88 விழுக்காடு குறைவு என்று 2006இல் வெளியிட்டனர். பிறந்த நாள் முதல் குறைந்திருப்பதன் பயன் அது. எச்டிஎல் பற்றிய மற்றப் பாதி அவ்வாறு நிற்கவில்லை. பிறவியிலேயே எச்டிஎல் உயர்ந்திருக்கச் செய்யும் ஒரு மரபணு மாற்றம் உடையவர்களைத் திரட்டிப் பார்த்தபோது, அவர்களுக்கு மாரடைப்பு ஒரு சிறிதும் குறையவில்லை என்பது 2012இல் வெளிவந்தது. எச்டிஎல்லை உயர்த்தும் மருந்து ஒன்றை 2006இல் மனிதரிடம் சோதித்தபோது, உண்டவருள் இறப்பு மிகுந்ததனால் சோதனையை நிறுத்த நேர்ந்தது. 'நல்லது' என்னும் அடைமொழி எவ்வளவு பெரிய பிழைக்கு இடம் கொடுத்தது! எச்டிஎல் உயர்ந்திருக்கிறது என்று மகிழ்ந்து, எல்டிஎல் ஏறியிருப்பதைப் பொருட்படுத்தாதவர் எத்தனையோ பேர். அவர்களைக் குறைகூறல் தகாது. சொல்லே அவ்வாறு கற்பித்தது.

அழற்சியின் கதை வேறு. நுண்ணறிவு வேண்டும் இடமும் இதுவே. இரத்தக்குழாயின் சுவரில் எல்டிஎல் பொதிகள் புகுந்து தங்கும்போது, உடலின் காவல் அணுக்கள் அவற்றைப் பகையென்று கருதி விழுங்குகின்றன. விழுங்கி விழுங்கி நுரைபோல் ஊதிச் சுவரிலேயே மடிகின்றன. அவ்விடத்தில் புண்போன்ற ஓர் எரிச்சல் நிலை நிலவுகிறது. அதற்கே அழற்சி என்று பெயர். பொதுவழக்கில் 'வீக்கம்' என்று கூறுவதனால், வீங்கினாலல்லவா தெரியும் என்று மக்கள் எண்ணுகின்றனர். இது வெளியே தெரியாத வீக்கம், வலியற்றது, என்றோ ஒருநாள் மேற்படலம் கிழிந்து, இரத்தம் கட்டிக் குழாயை அடைக்கும்போதே தெரியவரும். 'மாரடைப்பு' என்னும் சொல்லை ஆக்கிய நம் முன்னோர் இவ்வகையில் பாராட்டுக்குரியர். கலைச்சொற்குழு எதுவும் கூடாமலே நடந்ததை நடந்தபடி பெயராக்கிவிட்டனர்.

அழற்சியும் காரணமா, அன்றி நோயின் நிழலா என்று நெடுநாள் வழக்காடினர். இரத்தத்தில் 'சிஆர்பி' என்னும் புரதம் ஏறியவர்க்கு மாரடைப்பு மிகுதி. ஆகவே சிஆர்பியே குற்றவாளி என்றனர் சிலர். இவ்வழக்கைத் தீர்க்கவும் திருவுளச்சீட்டே உதவிற்று. பிறவியிலேயே சிஆர்பி மிகச் சுரக்கும் மரபணு உடையவர் உளர். குற்றச்சாட்டு மெய்யானால் அவர்களுக்கு மாரடைப்பு மிகுதல் வேண்டும். மிகவில்லை. ஆகவே சிஆர்பி புகையேயன்றி நெருப்பன்று. ஆனால் அதற்கு மேலே நின்று ஏவும் 'இன்டர்லூக்கின் 6' என்பதன் ஏற்பியில் ஒரு சிறு மாற்றம் உடையவர்க்கு நோய் சற்றுக் குறைவு என்று 2012இல் இரு பெரிய ஆய்வுகள் காட்டின. நெருப்பு அப்பக்கம் இருந்தது. 2017இல் 10,061 நோயாளரிடம் செய்த சோதனையில், இவ்வழியை அடக்கும் ஊசிமருந்து, கொலஸ்டிராலைத் தொடாமலே மீண்டும் மாரடைப்பு முதலியன வருவதை 15 விழுக்காடு குறைத்தது. தொற்றுநோயால் இறப்பு சற்று மிகுந்ததையும் அச்சோதனை மறைக்கவில்லை. லிப்போபுரோட்டீன் ஏ இவ்விரு கதைகளும் சந்திக்கும் இடம். கொலஸ்டிராலையும் சுமந்து, அழற்சியைத் தூண்டும் கொழுமியங்களையும் சுமந்து வருவது அது.

இனி, செய்தித்தாள்கள் விரும்பும் 'இந்திய மரபணு'. மதுரையிலும் ஐதராபாத்திலும் உள்ள ஆய்வாளர்களோடு பல நாட்டவரும் சேர்ந்து 2009இல் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டனர். இருதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது. இலங்கை, மலேசியா ஆகிய நாடுகளிலும் உள்ளது. பிற கண்டத்தாரிடம் இல்லை என்றனர். ஆறு கோடிப் பேர் ஆபத்தில் என்று தலைப்புகள் வந்தன. முதலாவது, அது இருதயத் தசை தளரும் நோயைப்பற்றியது. குழாய் அடைக்கும் மாரடைப்பைப்பற்றியது அன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கி எழுதியவர் பலர். இரண்டாவது, 2020இல் வந்த மறு ஆய்வு, அம்மாற்றம் தனித்து நின்றால் பெருங்கேடு செய்வதாகத் தோன்றவில்லை என்றும், அதனோடு சேர்ந்து சிலரிடம் மட்டும் உள்ள மற்றொரு மாற்றமே கேட்டுக்குப் பெருங்காரணம் என்றும் காட்டிற்று. முதற் செய்தியை அச்சிட்ட எழுத்தின் அளவில் பாதியிலேனும் இரண்டாவது செய்தி வந்ததா என்றால், இல்லை. ஆய்வாளர் தவறு செய்தனர் என்பதற்கில்லை. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்வது இவ்வாறுதான். திருத்தத்தைப் படிக்காமல் முதற்பதிப்பையே மனப்பாடம் செய்வது நம்முடைய தவறு.

ஐம்பத்திரண்டு நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' என்னும் பேராய்வின் தெற்காசியப் பகுதி 2007இல் வெளிவந்தது. முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்க்கு 53. பிற நாட்டார்க்கு ஏறத்தாழ 59. ஆறு ஆண்டு முந்துகிறது. இதற்கு இரகசிய மரபணுவைத் தேடவேண்டிய கட்டாயம் நேரவில்லை. புகை, நீரிழிவு, இரத்தக்கொழுப்புப் புரதங்களின் விகிதம், இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன், மனச்சுமை, காய்கனிக் குறைவு முதலிய ஒன்பது காரணங்களைக் கணக்கில் கொண்டபோது, அவ்வயது வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிட்டது. அவை தெற்காசியரை இளவயதிலேயே பற்றுகின்றன என்பதே செய்தி.

தோட்டப்புறத்தில் அவை ஏன் இளவயதிலேயே பற்றுகின்றன? மலேசியாவில் 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி நீரிழிவு வயதுவந்தோருள் 18.3 விழுக்காடு; இந்தியருள் 31.4 விழுக்காடு. இதில் மரபுக்குப் பங்கு இல்லை என்பதற்கில்லை. ஆயினும் ரந்தாவிலும் லிங்கியிலும் பகாவிலும் ஒரு தலைமுறை நடந்த நடையை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நூற்றுக்கணக்கான மரங்களை நடந்தே வெட்டி, பால் வாளி தூக்கிய உடல் அது. ரப்பர் செம்பனையாயிற்று, சிரம்பான், நீலாய் ஆகியவற்றைச் சூழ்ந்த தோட்டங்கள் பல வீடமைப்பு நிலங்களாயின. மக்கள் பாதுகாவலராகவும் தொழிற்சாலைப் பணியாளராகவும் இராவேலைக்குப் போயினர். சோறு அதே அளவில் நின்றது. டின்பால் ஊற்றிய தேத்தண்ணீரும் நின்றது. நடை மட்டும் போயிற்று. லயத்தின் கொல்லையில் இருந்த முருங்கையும் கீரைப்பாத்தியும் அடுக்குமாடியில் இல்லை. தோட்ட டிரசர் ஒருவர் இருந்த இடத்தில், பேருந்து ஏறிப் போகவேண்டிய மருத்துவ நிலையம் இருக்கிறது. போனால் அன்றைய கூலி போயிற்று. இவற்றையெல்லாம் 'பரம்பரை' என்னும் ஒரே சொல்லுக்குள் போட்டு மூடினால், யாருக்கு வசதி? எவரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடுகிறதன்றோ? மரபணு வாய்தா கேட்காத குற்றவாளி.

இவ்வாறு கூறுவதனால் மரபே பொய் என்னும் மறுகோடிக்குப் போய்விடலாகாது. அங்கும் சிலர் நிற்கின்றனர். 'நடந்தால் போதும், கீரை உண்டால் போதும், மருந்து வேண்டா' என்பது அவர்கள் கட்சி. குடும்பவழிக் குறையுடையவர் நாள்தோறும் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன்வரை நடந்தாலும் ஏற்பி பெருகாது. 2016இல் ஐம்பத்தையாயிரம் பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்த ஒரு கட்டுரை இரு கட்சிக்கும் நடுவே வழி காட்டுகிறது. பல மரபணுக்களின் கூட்டால் மிகுந்த ஆபத்துடன் பிறந்தவர்களுள், புகையாமை, பருமனின்மை, உடலுழைப்பு, நல்லுணவு ஆகியவற்றைப் பெரும்பாலும் கைக்கொண்டவர்க்கு, கைக்கொள்ளாதவரைவிட நோய் 46 விழுக்காடு குறைந்திருந்தது. அக்கணக்குப் பெரும்பாலும் மேலைநாட்டாரிடம் எடுத்தது. மரபணுக் கூட்டுக் கணக்குகள் ஐரோப்பியரிடமிருந்து வகுக்கப்பட்டமையால் தெற்காசியர்க்கு அவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதில்லை என்பது இத்துறையார் அனைவரும் ஒப்பும் குறை. தமிழரின் இரத்தம் ஆய்வில் இடம்பெறாமல், ஆய்வின் முடிவு மட்டும் தமிழர்மேல் ஏற்றப்படுவது நேர்மையன்று.

ஆகவே இழவு வீட்டு முதியவரின் சொல்லை வினாவாக மாற்றிக்கொள்வதே தக்கது. பரம்பரை என்றால் யாருக்கு, எத்தனை வயதில்? தந்தையோ தமையனோ ஐம்பத்தைந்துக்கு முன், தாயோ தமக்கையோ அறுபத்தைந்துக்கு முன் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், மருத்துவர் அதனை எச்சரிக்கை என்று கொள்வர். பிள்ளைகளின் எல்டிஎல் அளவை எடுக்கவேண்டும்; பெரியவர்களாகும்வரை காத்திருத்தல் வேண்டா. லிப்போபுரோட்டீன் ஏ அளவை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலார்க்குப் போதும், அது மாறுவதில்லை. மிகுந்திருப்பின், அதனையே குறைக்கும் மருந்து பரவலாகக் கைக்கு எட்டும்வரை, மற்றக் காரணங்களை இன்னும் இறுக்கிப் பிடிக்கவேண்டும். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உறவுமுறைப் பெயர் எழுதும் பாடத்தில் பாட்டன், பாட்டி, பெரியப்பா, அத்தை என்று கிளை பிரித்து வரைகின்றனர். அப்படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய், ஒவ்வொரு பெயரின்கீழும் இறந்த வயதைப் பெரியவரைக்கொண்டு எழுதினால், மருத்துவர் கேட்கும் குடும்ப வரலாறு ஆயத்தமாகிவிடும். பந்தலில் நின்ற மூவர்க்கு அப்படம் உடனே வேண்டும். இறந்தவருக்குத் தங்கை இருந்தால் அவளுடைய பிள்ளைகளும் அதில் வரவேண்டும். பெண்வழி என்று விட்டுவிடுவது தோட்டத்து வழக்கம், மரபணுவுக்கு அந்த வழக்கம் இல்லை.